யூனிட் மட்டும் கேட்காதீங்க

வாசகர் கேள்வி – பதில்

டைப் 1 சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு, அதே நோயோடு பல வருடம் வாழ்ந்த இன்னொருவர் போனிலும் வீடியோ அழைப்பிலும் வழித்துணையாக இருப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் பெண். அப்படிப்பட்ட வழித்துணைகள் சேர்ந்த ஒரு குழுவில் இருப்பவர். பதினோரு வயதில் தொடங்கிய இன்சுலின் ஊசி. இப்போது வயது நாற்பத்தேழு. "பேரெல்லாம் எதுக்குங்க, அக்கான்னு போட்டாப் போதும்" என்றார்.

என் மகளுக்கு ஏழு வயது. போன மாதம் வாந்தி, மூச்சிரைப்பு என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டைப் 1 என்று சொல்லி ஐசியூவில் வைத்தார்கள். இப்போது தினமும் நாலு ஊசி. அங்கிருந்த நர்ஸ் ஒருவர், ஆன்லைனில் ஒரு அக்காவோடு பேசிப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். டாக்டர் சொல்லாத எதை, முன்பின் தெரியாத ஒருவர் சொல்லிவிடப் போகிறார்?
– ஒரு தாய், நாமக்கல்

அம்மணி, நீங்கள் கேட்காத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இனிப்பு கொடுத்ததால் இது வரவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல்களை அழித்துவிடுவதால் வருவது டைப் 1. என்னோடு பேசுகிற தாய்மார்கள் எல்லாருக்கும் முதல் அழைப்பில் இந்த உறுத்தல் இருக்கும். சிலர் நேராகக் கேட்பார்கள். சிலர், "அவளுக்கு லட்டுன்னா உசுருங்க" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிடுவார்கள். டாக்டர் முதல் நாளே சொல்லியிருப்பார். ஐசியூ வாசலில் நிற்கிறவர் காதில் அது எங்கே விழப்போகிறது?

இனி உங்கள் கேள்வி. நாளைக்கு நாலு ஊசி என்றால் வருடத்துக்கு 1,460 ஊசி. விரல் நுனியில் குத்திப் பார்ப்பது தனி. டாக்டரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் பத்துப் பதினைந்து நிமிடம். அவர் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சுகரைப் பார்ப்பது ஆடிட்டர் வந்து போவது மாதிரி. தினசரி வரவு செலவை எழுதிக்கொண்டிருப்பது நீங்கள்தான். அந்தத் தினசரியில்தான் எங்களுக்கு வேலை.

காலை ஏழே முக்கால் மணி. மூன்று இட்லிக்கு ஊசி போட்டாயிற்று. பாப்பா ஒன்றரை இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டாள். வேன் ஹாரன் அடிக்கிறது. நடுத்தர அளவு இட்லி ஒன்றில் பத்து முதல் பதினைந்து கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். அப்படியானால் ஒன்றரை இட்லிக்குப் போட்ட இன்சுலின் சாப்பாடில்லாமல் உடம்புக்குள் சும்மா நிற்கிறது. முதல் பாடவேளை முடிவதற்குள் சுகர் இறங்கிவிடும். இந்த நேரத்தில் டாக்டரைப் போனில் பிடிக்க முடியாது. பிடித்தாலும், "சாப்பிட வைங்கம்மா" என்பார். சாப்பிட மாட்டேன் என்பதுதானே பிரச்சினையே!

இதற்கு என்னிடம் இருப்பது மருத்துவம் இல்லை, பழக்கம். உங்கள் பாப்பா எந்த நிலையிலும் வேண்டாம் என்று சொல்லாத ஒரு பண்டம் இருக்கும். அது வாழைப்பழமோ, சர்க்கரை போட்ட பாலோ, இரண்டு பிஸ்கட்டோ, எதுவானாலும் அதை அவளுக்குத் தின்பண்டமாகக் கொடுக்காமல், இந்த மாதிரிக் காலைகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அடுத்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: "எவ்வளவு சாப்பிடுவாள் என்று முன்கூட்டித் தெரியாத குழந்தைக்கு, சாப்பாட்டு ஊசியைச் சாப்பிட்ட உடனே போடலாமா, டாக்டர்?" சின்னக் குழந்தைகளுக்குச் சில வகை இன்சுலினில் இப்படிச் செய்ய டாக்டர்கள் அனுமதிப்பதுண்டு. உங்கள் பாப்பாவின் இன்சுலின் அந்த வகையா என்பதை அவர் சொல்லட்டும். நான் செய்வதில் முக்கால்வாசி இதுதான். பதில் சொல்வதைவிட, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியை எழுதிக் கொடுப்பது. டாக்டர் அறைக்குள் போனதும் நமக்கு எல்லாம் மறந்துபோகிறது.

வீடியோவில் இன்னொன்றும் நடக்கும். ஊசி போடுகிற இடத்தைத் தடவிப் பார்க்கச் சொல்வேன். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி மாதிரி தடித்துவிடும். அங்கே போட்ட இன்சுலின் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. வலிக்காத இடம் என்று குழந்தைகள் அந்தத் தடித்த இடத்தையே காட்டுவார்கள். நம்பாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியருக்கு, தலைமையாசிரியருக்கு, வேன் அண்ணனுக்கு என்று மூன்று கடிதம் கொடுங்கள். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். டைப் 1 குழந்தைகள் வகுப்பிலேயே சுகர் பார்க்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், இடையில் சாப்பிடவும் விட வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. பள்ளி தயங்கினால் அதைச் சொல்லுங்கள். சண்டைக்குப் போகிற தொனியில் வேண்டாம். வருடம் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அந்த டீச்சர்தான்.

ஷார்ஜாவில் கிடங்கு வேலை, பாதி நாள் இரவு ஷிப்ட். போன வாரம் சுகர் 320. வழித்துணையாக இருக்கும் அண்ணனுக்கு மெசேஜ் போட்டு, எத்தனை யூனிட் இன்சுலின் போடட்டும் என்று கேட்டேன். "அதைச் சொல்ல மாட்டேன்" என்றுவிட்டார். அவசரத்துக்கு உதவாதவர் எதற்கு?
– பட்டுக்கோட்டைக்காரன், ஷார்ஜா

அவர் கையைப் பிடித்துக் கும்பிடுங்கள், தம்பி. அவர் யூனிட் சொல்லியிருந்தால் நான் உங்களுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

320 என்ற எண்ணை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்? வேகமாக வேலை செய்கிற இன்சுலினே ஏறக்குறைய நாலு மணி நேரம் உடம்பில் நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போட்டது பாதிகூட வேலை செய்திருக்காது. அதன் மேல் இன்னொன்றைப் போட்டால், விடியற்காலையில் இரண்டும் சேர்ந்து இறக்கிவிடும். எனக்கு ஒரு யூனிட் இறக்குகிற அளவு வேறு, உங்களுக்கு வேறு. இரவு ஷிப்ட்டில் மூட்டை தூக்கிய நாளில் உங்களுக்கே அது வேறு.

இதைவிடப் பயமான விஷயம் ஒன்று உண்டு. நம் ஊரில் குப்பியில் வருகிற இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா மாதிரி ஊசியில் (பென்) வருவது 100. யு-40 ஊசிக்கு மூடி சிவப்பு, யு-100 ஊசிக்கு ஆரஞ்சு. ஊரிலிருந்து 40 குப்பியைக் கொண்டுபோய், அங்கே மருந்துக் கடையில் கிடைத்த ஆரஞ்சு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாற்றி, 100 இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் போய்விடும். "20 போடு" என்று ஒருவர் மெசேஜில் சொல்லும்போது, உங்கள் கையில் இருப்பது எந்தக் குப்பி, எந்த ஊசி என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் அண்ணன் சொல்லாமல் விட்டது ஒன்று, கேட்டிருக்க வேண்டியது நாலு. வாந்தி, வயிற்றுவலி இருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேர்கிற அமிலம்) பார்க்கிற பட்டை கையில் இருக்கிறதா? இன்சுலின் எங்கே இருந்தது? அந்த ஊர் வெயிலில் வண்டிக்குள் வைத்த இன்சுலின் வெறும் தண்ணீர்தான், எத்தனை யூனிட் போட்டாலும் கேட்காது. புதுக் குப்பி எடுத்தால் இறங்கிவிடும். வாந்தியோடு சுகர் ஏறி நின்றால் மெசேஜே கூடாது, நேரே எமர்ஜென்சி. சாப்பிட முடியவில்லை என்பதற்காக நீண்ட நேர இன்சுலினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் வந்த வீட்டில் இதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள்.

அவசரத் திட்டத்தை அவசரம் இல்லாத நாளில் போட வேண்டும். இந்த எண்ணுக்கு மேல் இத்தனை, எத்தனை மணி இடைவெளி, எப்போது ஆஸ்பத்திரி என்று உங்கள் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, அதன் போட்டோவை அண்ணனுக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த முறை, "டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை எடு" என்று அவர் சொல்லலாம். நடு ராத்திரியில் அப்படி ஒருவர் சொல்வதே பெரிய விஷயம்.

பாகல், சிறுகுறிஞ்சான், கருப்பட்டி... டைப் 1 குணமாகிவிடும் என்று வீடியோக்கள் வருகின்றன. உங்கள் குழுவில் இதையெல்லாம் பேசுவீர்களா?
– வாசகர், திருவண்ணாமலை

1922 ஜனவரியில் டொரான்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னாலும் பாகல் இருந்தது, வேர் இருந்தது, பத்தியம் இருந்தது. டைப் 1 வந்த குழந்தைகள்தான் உயிரோடு இருக்கவில்லை. பட்டினி போட்டுச் சில மாதங்களை நீட்டினார்கள், அவ்வளவே. பாகற்காய் பொரியலை நானும் சாப்பிடுகிறேன், ருசிக்காக. கருப்பட்டி சுகரை ஏற்றும், வெள்ளைச் சர்க்கரை மாதிரியே. ஊசியை நிறுத்தச் சொல்கிறவரை எங்கள் குழுவில் அன்றே நீக்கிவிடுவோம். விவாதம் கிடையாது.

என் மகளுக்குப் பதினைந்து வயது. ஆன்லைனில் முகம் தெரியாத ஆளோடு இதைப் பற்றிப் பேச விடலாமா? வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணம்...
– ஒரு தந்தை, தென்காசி

முதல் கவலை நியாயமானது. அதற்கு முழுப் பதில் சொல்கிறேன்.

வழித்துணை பதினெட்டு வயது முடிந்த பெண்ணாக இருக்கட்டும். உங்கள் டாக்டரோ ஆஸ்பத்திரியோ அறிந்தவராக இருக்கட்டும். முதல் இரண்டு மூன்று அழைப்பில் நீங்களும் உட்காருங்கள். பிறகு அறைக்கு வெளியே, கதவு திறந்திருக்க. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அப்பா எதிரில் கேட்க முடியாத கேள்விகள் உண்டு. மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் சுகர் ஏன் ஏறுகிறது என்பதே ஒன்று. நேரம் குறித்த அழைப்பு மட்டும், ராத்திரி பதினொரு மணி அரட்டை கூடாது. ஊசி போட்ட இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று எவர் கேட்டாலும் அனுப்பக் கூடாது. எங்கள் ஆட்கள் தம் கையை, தம் வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சொல்வார்களே தவிர, பிள்ளையைக் காட்டச் சொல்ல மாட்டார்கள். ஏழு வயதுக் குழந்தை என்றால், அந்த இடத்தைத் தடவிப் பார்க்க அம்மாவிடம் சொல்வதோடு சரி. பவுடர், சுகர் பார்க்கிற சென்சார், இன்சூரன்ஸ் என்று எதையாவது விற்கத் தொடங்கினால் அவர் வழித்துணை இல்லை, ஏஜென்ட். நம்பரை பிளாக் செய்துவிடுங்கள்.

இரண்டாவது கவலைக்கு ஒரு கேள்விதான் கேட்பேன். பஸ்ஸில் சுகர் இறங்கி மயங்கினால், பக்கத்தில் இருக்கிற தோழிக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாமா? ஊருக்குத் தெரியக் கூடாது என்று வளர்ந்த பெண்கள் கழிவறையில் நின்று ஊசி போட்டுக்கொள்கிறார்கள். சிலர் போடாமலே வீட்டுக்கு வருகிறார்கள்.

27 வயது. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். சொல்லிவிடலாம் என்கிறேன் நான், தாலி ஏறட்டும் என்கிறார் அம்மா. குழந்தைக்கும் வருமா?
– வாசகி, மதுரை

சொல்லிவிடு கண்ணு. நாளைக்கு நாலு ஊசியை ஒரே வீட்டுக்குள் எத்தனை நாள் மறைப்பாய்? மறைப்பதற்காக ஊசியை அடியோடு விட்டால் இரண்டு நாளில் ஐசியூ. அங்கே போய்த் தெரிவது இன்னும் கேவலம்.

குழந்தைக்கு வரும் வாய்ப்பு நினைப்பதைவிடக் குறைவு. தாய்க்கு டைப் 1 இருந்தால் நூறு குழந்தைகளில் ஒன்று முதல் நாலு பேருக்கு. தந்தைக்கு இருந்தால் ஆறு பேர் அளவில். மாப்பிள்ளை வீட்டில் இந்தக் கணக்கைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். கர்ப்பத்துக்கு முன்பே திட்டமிட வேண்டும். எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள், ஃபோலிக் அமிலம் முன்கூட்டியே தொடங்குவார்கள். கர்ப்பத்தின் முதல் சில மாதங்களுக்குப் பிறகு இன்சுலின் தேவை ஏறிக்கொண்டே போகும், பிள்ளை பிறந்ததும் சட்டென்று விழும். பால் கொடுக்கையில் சுகர் லோ ஆவதைப் பற்றி, கைக்கெட்டுகிற இடத்தில் ஜூஸ் வைத்துக்கொண்டு பிள்ளையை மடியில் போட்டவளிடம் கேட்டால்தான் சரியாகத் தெரியும். எங்களிடம் அதிகம் பேர் கேட்டு வருவது, பிள்ளை பெற்ற வழித்துணைகளைத்தான். உனக்கும் ஒருத்தியைக் கேட்டு வாங்கு. மாப்பிள்ளையையும் ஒரு அழைப்பில் சேர்த்துக்கொள். அதில் அவர் கேட்கிற கேள்விகளிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

கடலோரக் கிராமம். ஃபிரிட்ஜ் இல்லை. இன்சுலினை எப்படி வைப்பது?
– வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

மண்பானை. குப்பியை இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு, ஈர மணல்மேல் வைத்த பானைக்குள் வையுங்கள். டப்பாவுக்குள் தண்ணீர் போகக் கூடாது. பானை நிழலில், காற்றுப்படும் இடத்தில் இருக்கட்டும், மணலைக் காயவிடாதீர்கள். பிரித்த குப்பியில் பிரித்த தேதியை எழுதுங்கள். பொதுவாக நாலு வாரக் கணக்கு. பிரிக்காத குப்பிகளுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், அதற்குப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்தான் வழி. கதவுப் பக்கத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். பின்சுவரை ஒட்டி வைத்து உறைந்துபோனால் அந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சென்னையில் விடுதியில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக ஊசி. வெறுத்துவிட்டது. மத்தியான ஊசியைப் போடுவதே இல்லை. டாக்டரிடம் பொய் எண் எழுதிக் காட்டுகிறேன். வழித்துணையிடம் சொன்னால் அம்மாவிடம் சொல்லிவிடுவார்களா?
– பெயர் வேண்டாம்

உனக்குப் பதினெட்டு முடிந்திருந்தால் சொல்ல மாட்டோம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சொல்வோம், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான்.

வெறுத்துப் போவது உனக்கு மட்டும் நடப்பதில்லை. இன்சுலின் போடுகிற எங்களில் பலருக்கு ஏதோ ஒரு வயதில் வந்து போவது. கல்லூரி வயதில் அதிகம். தோழிகள் மெஸ்ஸில் தட்டை எடுத்ததும் சாப்பிடுகிறார்கள். நீ மட்டும் குத்திப் பார்த்து, கணக்குப் போட்டு, ஊசி போட்டு... அதற்குள் சாம்பார் ஆறிவிடும். "ஒழுங்கா போடு" என்று சொல்ல ஊரே இருக்கிறது. நானும் சொல்லப் போவதில்லை.

பொய் எண்ணைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அந்த எண்களை நம்பி டாக்டர் டோஸை மாற்றினால், அடி விழுவது உனக்கு. "மத்தியானம் போடுறதில்ல டாக்டர், முடியல" என்று ஒரு வரி சொல். நல்ல டாக்டராக இருந்தால் ஊசியின் எண்ணிக்கையைப் பற்றியே உன்னோடு பேசுவார். சொல்லத் தயக்கமாக இருந்தால், உன் வழித்துணை எதிரில் ஒருமுறை சொல்லிப் பழகிவிட்டுப் போ. நாங்கள் இதைச் செய்வதுண்டு. அவள் டாக்டராக நடிப்பாள். பாதியில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று, ராத்திரி போடுகிற நீண்ட நேர இன்சுலின். மத்தியானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இதை மட்டும் விடாதே. என்னோடு பேசும் ஒரு பெண் அதைப் போட்டதும் ஒரு நிலாப் படம் அனுப்புவாள். நான் பதிலுக்கு எதுவும் அனுப்ப மாட்டேன். நிலா வராத நாளில், "போட்டியா?" என்று கேட்காமல், "இன்னிக்கு மெஸ்ல என்ன?" என்று கேட்பேன். அதிகாரம் செய்தால் மறுநாள் பொய் நிலா வரும்.

அறைத் தோழிக்கு மூன்று விஷயம் சொல்லிவை. நான் உளறினால், வியர்த்தால், கோபப்பட்டால் சுகர் இறங்கியிருக்கலாம். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடு, கால் மணி கழித்து மறுபடி பார். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாதே, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடு.

உடம்பு இளைக்க வேண்டும் என்று ஊசியை விடுகிறாயா? அப்படியானால் இந்தப் பதில் போதாது, என்னைப் போன்றவர்களும் போதாது. மனநல டாக்டரும் சர்க்கரை டாக்டரும் சேர்ந்து பார்க்க வேண்டியது அது. வாழவே வேண்டாம் என்று தோன்றுகிற ராத்திரியாக இருந்தால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள்.

மகன் சிபிஎஸ்இ பிளஸ் டூ, ஜேஇஇ மெயின் எழுதுகிறான். தேர்வு அறைக்குள் என்ன கொண்டுபோகலாம்?
– வாசகர், கோவை

டைப் 1 மாணவர்கள் பொதுத் தேர்வில் தின்பண்டம், பழம், குளுக்கோஸ் மாத்திரை கொண்டுபோக சிபிஎஸ்இ 2017-இல் அனுமதித்தது. ஜேஇஇ மெயின் கையேட்டிலும் சர்க்கரை மாத்திரை, வாழை, ஆப்பிள், ஆரஞ்சு போன்ற பழம், உள்ளே இருப்பது தெரிகிற தண்ணீர் பாட்டில் உண்டு. டாக்டர் சான்றிதழோடு பள்ளியிலும் மையத்திலும் முன்பே பேசிவிடுங்கள். சென்சாரை போனில் பார்த்தே பழகிய பிள்ளை என்றால், போன் உள்ளே போகாது. அதனால் ஒரு மாதம் முன்பிருந்தே மாதிரித் தேர்வை போன் இல்லாமல் எழுதிப் பழகட்டும். போன வருடம் எழுதிய பையன் ஒருவனோடு அரை மணி பேச வைத்தால், என்னைவிட நன்றாகச் சொல்வான்.

எனக்கு 58 வயது, டைப் 2. இப்போதுதான் இன்சுலின் ஆரம்பித்திருக்கிறார்கள். நோயாளிக்கு நோயாளி யோசனை சொல்வதெல்லாம் பலன் தருமா, அல்லது இதுவும் இந்தக் காலத்து மோஸ்தரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

மோஸ்தர் இல்லைங்க ஐயா. ஆர்.டி. லாரன்ஸ் என்று லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி டாக்டர். அவருக்கே சர்க்கரை நோய். இனிப் பிழைக்க மாட்டோம் என்று இத்தாலியில் ஃபிளாரன்ஸுக்குப் போய் உட்கார்ந்திருந்தவரை, 1923-இல் தந்தி கொடுத்து வரவழைத்து இன்சுலின் போட்டார்கள். அதே லாரன்ஸும், சர்க்கரை நோயாளியான எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸும் சேர்ந்து 1934-இல் இங்கிலாந்தில் நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். தொண்ணூறு வருடமாகிறது.

பலனா? அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர்களிடம் ஓர் ஆய்வு செய்து 2012-இல் வெளியிட்டார்கள். சுகர் கட்டுக்கடங்காத கறுப்பின வீரர்களுக்கு, அதே மாதிரி ஒரு காலத்தில் கட்டுக்கடங்காமல் இருந்து பிறகு சரிசெய்துகொண்ட இன்னொரு வீரரைத் துணையாகக் கொடுத்தார்கள். பேச்சு பெரும்பாலும் போனில். ஆறு மாதத்தில் அவர்களுடைய சராசரி எச்பிஏ1சி 9.8-லிருந்து 8.7-க்கு இறங்கியது. துணை இல்லாதவர்களுக்கு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. எனக்கு இதில் பிடித்தது ஆள் எடுத்த விதம். எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கியவரை எடுக்கவில்லை, தோற்று எழுந்தவரை எடுத்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் அது நிலைக்க வேண்டுமானால் பேச்சும் தொடர வேண்டும் என்பது என் அனுபவம்.

எங்கள் குழுவில் உங்களைச் சேர்ப்பதைவிட, இன்சுலின் போடுகிற டைப் 2 காரர்களோடு சேர்ப்பது நல்லது. ஏழு வயதுக் குழந்தையின் அம்மாவும் நீங்களும் ஒரே அழைப்பில் இருந்தால் இரண்டு பேருக்கும் பயன் இல்லை. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்: இன்சுலின் வரை போய்விட்டதே என்று கூச்சப்படுகிறீர்களா? ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். மாத்திரை போதாத கட்டம் வந்தால் இன்சுலின், அதில் ஃபெயில் மார்க் ஒன்றும் இல்லை.

22 வயது, பத்து வருடமாக டைப் 1. நானும் வழித்துணை ஆக ஆசை. என் எச்பிஏ1சி 8.2. இதை வைத்துக்கொண்டு அடுத்தவருக்குச் சொல்லலாமா?
– வாசகி, சேலம்

தாராளமாக. மேலே தஞ்சாவூர் ஐயாவுக்குச் சொன்னதைப் படி. 8.2-ஐ மறைக்காதே, அவ்வளவுதான்.

வாய் பேசுகிறவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், காது கொடுக்கிறவர்கள் குறைவு. முதல் அழைப்பில் உன் கதையைச் சொல்லாதே. அவர்களாகக் கேட்டால் இரண்டு நிமிடம். உன் டோஸை எக்காரணம் கொண்டும் சொல்லாதே. "அக்கா பன்னிரண்டு போடறாங்க" என்று அந்தப் பிள்ளையும் பன்னிரண்டு போட்டுவிடும். அவர்கள் அனுப்பும் எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடாதே, பாராட்டுவதற்காகக் கூட. தொடக்கத்தில் இரண்டு பேர் போதும். சந்தேகம் வந்தால் கேட்க, பின்னால் ஒரு டாக்டரோ டயட்டீஷியனோ இருக்கிற குழுவில் மட்டும் சேர். ராத்திரி பத்து மணிக்கு மேல் பதில் வராது, அவசரம் என்றால் ஆஸ்பத்திரி என்று முதல் நாளே சொல்லிவிடு. சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்குப் பதில் போட்டால் அப்புறம் அந்த விதி செல்லாது.

அடுத்தவர் சுகரைப் பார்க்கப் போய் உன்னுடையதை விடுகிற ஆபத்தும் உண்டு. எங்களில் ஒவ்வொரு வழித்துணைக்கும் இன்னொரு வழித்துணை இருக்கிறார். எனக்கு இருப்பவள் கூடலூரில் டீத்தூள் கடை வைத்திருக்கிறாள், என்னைவிடப் பதினாறு வயது சின்னவள், நன்றாகத் திட்டுவாள். சேரும்போது உனக்கும் ஒரு ஆளைக் கேட்டு வாங்கிக்கொள். கொடுக்க மாட்டோம் என்கிற குழு என்றால் வேறு குழு பார்.